சுரங்கக் குளங்களைக் காப்பது யார்?

ஏரி, குளம் என்று பேச்சு எடுத்தாலே நம்மவர்களுக்கு உத்திரமேரூர்க் கல்வெட்டு ஞாபகம் வந்துவிடும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டியவை அவை. குடவோலை முறையில் ஏரி வாரியத்துக்கு 6 பேர். அவர்கள் பதவி 360 நாள். வருஷா வருஷம் ஆள் மாறினாலும், 'இந்த ஏரியை யார் பார்ப்பது?' என்ற கேள்விக்கு ஊரில் எப்போதும் பதில் இருந்தது. சுரங்கம் தோண்டி முடித்த பூமியில் தேங்கி நிற்கும் குளங்களுக்கு அந்தப் பதில் உண்டா என்பதே இக்கட்டுரையின் பொருள். நிலக்கரிப் பிரதேசங்களில் குடியேறிய நம் குடும்பங்களுக்கு இது தூரத்து விஷயம் அல்ல.

முதலில் ஒரு துயரக் கதை. அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலம், லோகன் மாவட்டம், பஃபலோ கிரீக் என்ற ஓடை. நிலக்கரியைக் கழுவி எடுத்த கழிவைப் பள்ளத்தாக்கில் கொட்டிக் கொட்டியே மூன்று அணைகள் உண்டாயின. பொறியாளர் போட்ட திட்டம் கிடையாது. மிகை நீர் வெளியேற ஒழுங்கான கலிங்கும் கிடையாது. 1972 பிப்ரவரி 26, சனிக்கிழமை காலை, மழையில் ஊறிய மேல் அணை உடைந்து, கீழே இருந்த இரண்டையும் அடித்துக்கொண்டு போயிற்று. சுமார் 50 கோடி லிட்டர் கறுப்புத் தண்ணீர். 125 பேர் மாண்டனர். 4,000 பேருக்கு மேல் வீடிழந்தனர். 'தெய்வச் செயல்' என்றது கம்பெனித் தரப்பு. மனிதன் கொட்டிய குப்பைக்குத் தெய்வத்தின் மேல் பழி!

இதன் பிறகுதான் அந்த நாட்டுச் சட்டம் விழித்துக்கொண்டது. 1977 ஆகஸ்ட் 3-ல் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்ட சுரங்க நிலச் சீரமைப்புச் சட்டம் முக்கியமானது. சுரங்கப் பாதுகாப்பு விதிகள் ஓர் அளவுகோல் வைத்தன. 20 அடி உயரத்துக்குத் தண்ணீர் தேக்கினாலோ, 5 அடியே ஆனாலும் சுமார் இரண்டரைக் கோடி லிட்டர் கொள்ளுமானாலோ, அது பெரிய கணக்கு. பொதுவாக ஏழு நாளைக்கு ஒருமுறை சோதனை. அதற்குக் கீழ்ப்பட்ட குட்டைகளையும் சும்மா விடவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்வையிட வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை பொறியாளர் சான்று தரவேண்டும்.

ஆனால் இதெல்லாம் எதுவரைக்கும்? ஜாமீன் தொகை இருக்கும்வரை. சுரங்கக்காரர் முன்பணமாகவோ உத்தரவாதமாகவோ ஒரு தொகை கட்டியிருப்பார். நிலத்தை நிரவி, செடிகொடி பிடித்து, 5 ஆண்டு (மழை குறைந்த இடத்தில் 10 ஆண்டு) ஆன பின்பு, அது கட்டம் கட்டமாகத் திரும்பக் கிடைக்கும். வியாபாரிகளாகிய எங்களுக்கு இது நன்றாகவே விளங்கும்: ஜாமீன் கைக்கு வந்தால் பொறுப்பும் கை கழுவின மாதிரிதான். வண்டல் அணையை நிரந்தரமாக விட்டுவைப்பதானால், பிற்காலப் பராமரிப்புக்குச் சுரங்கக்காரரோ நிலச் சொந்தக்காரரோ ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. நல்ல வாசகம்தான். ஆனால் நிலம் கைமாறி, பேரன் காலத்தில் கரையில் மரம் வேரோடி, நண்டும் எலியும் வளை தோண்டினால், கேட்பார் யார்? மாநில அணைச் சட்டங்களோ பெரும்பாலும் பெரிய அணைகளைத்தான் கணக்கில் எடுக்கும்.

நம் நாட்டுக்கு வருவோம். 1975 டிசம்பர் 27-ல் தன்பாத் அருகே சாஸ்னாலாவில், பழைய சுரங்கத்தில் தேங்கியிருந்த தண்ணீர் உடைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்து 375 தொழிலாளர் மாண்டனர். கைவிட்ட குழியில் நிற்கும் தண்ணீர் சாதுவானது அல்ல என்று அன்றே பாடம் படித்தோம். ஆனாலும் நிலக்கரிச் சுரங்கங்களை மூடுவதற்கு விரிவான வழிகாட்டுதல் வந்தது 2009-ல்தான். திறந்தவெளிச் சுரங்கத்துக்கு ஹெக்டேருக்கு 6 லட்சம், நிலத்தடிச் சுரங்கத்துக்கு 1 லட்சம் என்று அன்றைய விலையில் கணக்கிட்டு, தனி வங்கிக் கணக்கில் ஆண்டுதோறும் போட்டுவைக்கச் சொன்னார்கள். நல்ல ஆரம்பம்.

2021-ல் அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அது 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கு. 10 முதல் 15 மீட்டர் என்றால் 500 மீட்டர் நீளமோ, 10 லட்சம் கன மீட்டர் கொள்ளளவோ, வேறு சில நிபந்தனைகளோ பொருந்த வேண்டும். 6 மீட்டர் கரை போட்ட சுரங்கக் குட்டை இந்த வலையில் விழாது. அதன் கீழே பத்துக் குடிசை இருந்தாலும் விழாது. அளவைப் பார்க்கிற சட்டம், கீழே யார் படுத்துத் தூங்குகிறார்கள் என்றும் பார்க்க வேண்டாமா?

இந்தக் குளங்களை மூடிவிடு என்று நான் சொல்லவில்லை. வறண்ட கோடையில் மீனுக்கும் பாசனத்துக்கும் அவை வரப்பிரசாதம். கேட்பது மூன்றே. நிலப் பத்திரத்தில் குளமும் கரையும் குறிக்கப்பட வேண்டும். ஜாமீனில் ஒரு பங்கு பராமரிப்பு நிதியாக நிரந்தரமாய் நிற்க வேண்டும். மழைக்கு முன்பும் பின்பும் கரையைச் சுற்றிவரப் பஞ்சாயத்தில் பெயர் சொல்லி ஒருவர் வேண்டும். நம் முன்னோர் ஓலையில் பெயரெழுதிக் குடத்தில் இட்டது இதற்குத்தானே!