காவிரிக் கரையில் ஓர் ஆச்சிரமம்: சாந்திவனமும் சமயங்களின் சந்திப்பும்

தமிழர் வரலாற்றிற் சமயங்கள் ஒன்றையொன்று சந்தித்த வகையினை ஆராய்வோர் பெரும்பாலும் வாதங்களையே சான்றாகக் கொள்வர். பல்லவர் காலத்திற் சமணரோடும் பௌத்தரோடும் நிகழ்ந்த வாதங்கள் முதல், பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்திற் சைவருக்கும் மிஷனரிமாருக்குமிடையே அச்சேறிய கண்டனங்கள் வரை, ஏடுகளிற் பதிவாகியிருப்பது பெரிதும் சொற்போரேயாகும். பிரார்த்தனையும் மௌனமும் அத்தகைய சான்றுகளை எளிதில் விட்டுச் செல்வதில்லை. ஒரு சமயத்தவர் மற்றொரு சமயத்தவரின் வழிபாட்டு மரபினுள் நுழைந்து, அங்கே அமர்ந்து தியானிக்க முற்பட்ட முயற்சிகள் இதனாலேயே போதிய கவனத்தைப் பெறவில்லை எனலாம். அவற்றுள் தமிழ் மண்ணில் எழுந்த குறிப்பிடத்தக்க முயற்சி, காவிரிக் கரையில் 1950 ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற சச்சிதானந்த ஆச்சிரமம் ஆகும். சாந்திவனம் என்ற பெயராலேயே அது பரவலாக அறியப்படுகின்றது.

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே, குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளி என்னும் சிற்றூரில், காவிரியின் தென்கரையில் இவ்வாச்சிரமம் அமைந்துள்ளது. இப்பகுதி தேவாரப் பாடல் பெற்ற தலங்கள் செறிந்த நிலமாகும். குளித்தலையிற் கடம்பவனநாதரும், தெற்கே ஐயர்மலையில் இரத்தினகிரிநாதரும், ஆற்றின் வடகரையில் ஈங்கோய்மலை நாதரும் கோயில் கொண்டுள்ளனர். காலையிற் கடம்பரையும், நண்பகலில் இரத்தினகிரியாரையும், மாலையில் ஈங்கோய்நாதரையும் ஒரே நாளில் வழிபடுதல் சிறப்பு என்பது அப்பகுதி மக்களின் நெடுங்கால நம்பிக்கை. பகலை மூன்று வேளையாகப் பகுத்து இறைவனை நாடும் இம்மரபு வேரூன்றிய சூழலிலேதான், மூவேளைப் பிரார்த்தனையைத் தன் நாளொழுங்காகக் கொண்ட கிறித்தவ ஆச்சிரமம் ஒன்று பிற்காலத்தில் நிலைபெற்றது.

இம்முயற்சிக்கு முன்னோடிகள் இல்லாமலில்லை. 1606 இல் மதுரைக்கு வந்த இத்தாலியரான றொபேட் டி நொபிலி, துறவிக் கோலம் பூண்டு, தமிழும் வடமொழியும் கற்று, மரக்கறி உணவுண்டு வாழ்ந்தமை நன்கறியப்பட்ட செய்தி. அவர் கையாண்ட முறை திருச்சபைக்குள் கடுஞ் சர்ச்சையைக் கிளப்பியபோதிலும், 1623 இற் பாப்பரசர் பதினைந்தாம் கிறகோரியார் அதற்கு நிபந்தனைகளுடன் இசைவளித்தார். எனினும், நொபிலியின் நோக்கம் மதமாற்றமே என்பதில் ஐயமில்லை. வங்காளத்திற் பிறந்து கத்தோலிக்கரான பிரம்மபாந்தவ உபாத்தியாயர் (1861-1907), சத்து, சித்து, ஆனந்தம் என்னும் வேதாந்தக் கருத்தைக் கிறித்தவத்தின் திரியேகத்துவத்தோடு இயைத்து 1898 இல் வடமொழியில் ஒரு துதி இயற்றினார். நருமதைக் கரையில் இந்தியத் துறவியர் மடமொன்றை நிறுவ அவர் முயன்றாரேனும், திருச்சபைத் தலைமையின் இசைவு கிட்டாமையால் அது கைகூடவில்லை. சீர்திருத்தத் திருச்சபையினர் தரப்பில், வட ஆர்க்காட்டுத் திருப்பத்தூரில் 1921 இல் கிறிஸ்துகுல ஆச்சிரமம் தோன்றியது. சாந்திவனத்தின் நிறுவுநர் இவ்வனுபவங்களின் வாரிசுகளாகவே வந்தனர்.

நிறுவுநர் இருவரும் பிரெஞ்சுக்காரர். மூத்தவரான யூல் மொன்ஷனன் (1895-1957) லியோன் மறைமாவட்டத்துக் குரு. சிந்தனையாளர் வட்டங்களிற் பெரிதும் மதிக்கப்பட்டவர். அவர் 1939 இல் இந்தியா வந்து, திருச்சிராப்பள்ளி ஆயரின் கீழ்ப் பத்தாண்டுக் காலம் நாட்டுப்புறப் பங்குகளிற் பணியாற்றினார். இளையவரான ஹென்றி லெ சோ (1910-1973) பிரித்தானி மாநிலத்தவர். 1929 முதல் கெர்கொனான் என்னும் பெனடிக்ற் சபை மடத்தில் வாழ்ந்தவர். இந்தியாவிற் தியான வாழ்வு வாழும் விருப்பினைத் தெரிவித்து 1947 இல் திருச்சிராப்பள்ளி ஆயருக்கு அவர் எழுதிய கடிதத்துக்கு, ஆயரின் பணிப்பின்பேரில் மறுமொழி எழுதியவர் மொன்ஷனன். அக்கடிதத் தொடர்பின் பயனாக 1948 இல் லெ சோ தமிழ்நாட்டை வந்தடைந்தார்.

1950 மார்ச் 21 ஆம் நாள், புனித பெனடிக்ற்றின் திருநாளன்று, ஆச்சிரமம் தொடங்கப்பெற்றது. மொன்ஷனன் பரம அரூபி ஆனந்தர் என்றும், லெ சோ அபிஷிக்தேஸ்வரானந்தர் என்றும் துறவுப் பெயர் பூண்டனர். பின்னவரின் பெயர் பிற்காலத்தில் அபிஷிக்தானந்தர் எனச் சுருங்கிற்று. காவியாடை, வெறுங்கால், தரையில் அமர்ந்துண்ணும் மரக்கறி உணவு, எளிய குடில் என்பன அவர்தம் வாழ்க்கை முறையாயின. ஆயினும் சாந்திவனம் தோன்றியபோதே பல்சமயச் சந்திப்பு நிலையமாக எண்ணப்பட்டதென்று கொள்வது தவறாகும். 1951 இல் இருவரும் இணைந்து வெளியிட்ட நூலை நோக்குமிடத்து, பெனடிக்ற் சபையின் ஒழுங்கை இந்தியத் துறவு மரபோடு இணைத்து, அம்மரபினைக் கிறித்தவத்தில் நிறைவடையச் செய்வதே அவர்களது தொடக்க நோக்கம் என்பது புலப்படும். மற்றைய மரபு நிறைவு பெறவேண்டிய ஒன்று. தம் மரபு அதனை நிறைவு செய்வது. இவ்வெண்ணத்தின் அடிப்படையிலேயே கட்டடம் எழுந்தது.

ஆனால் எதிர்பார்த்தவாறு இந்தியச் சீடர் வந்து சேரவில்லை. வந்த சிலரும் நிலைத்து நிற்கவில்லை. இதனிலும் ஆழமான மாற்றம் நிறுவுநரின் உள்ளத்தே நிகழ்ந்தது. 1949 சனவரியில் இருவரும் திருவண்ணாமலை சென்று இரமண மகரிஷியைத் தரிசித்தனர். மகரிஷி 1950 ஏப்பிரிலில் மறைந்த பின்னரும், அபிஷிக்தானந்தர் அருணாசலக் குகைகளிற் பலமுறை தங்கி மௌனம் காத்தார். 1955 இல் திருக்கோவலூர்த் தபோவனத்து ஞானானந்தகிரி சுவாமிகளைச் சந்தித்து, அவரைத் தம் குருவாகவே கருதினார். அத்வைத அனுபவம் ஆராய்தற்குரிய ஒரு கோட்பாடு என்ற நிலை மாறி, அவரது அகவாழ்வின் மையமாயிற்று. அதே வேளை, நாள்தோறும் திருப்பலி ஒப்புக்கொடுக்கும் கடமையையும் அவர் கைவிடவில்லை. இவ்விரண்டுக்குமிடையே அவர் பட்ட வேதனையை, அவர் மறைவுக்குப் பின் 1986 இற் பிரெஞ்சு மொழியில் வெளிவந்த நாட்குறிப்பு வெளிப்படுத்துகின்றது.

மொன்ஷனன் இவ்வழியிற் செல்லவில்லை. திரியேகத்துவமின்றிக் கிறித்தவ அகவாழ்வு இல்லை என்பது அவரது உறுதிப்பாடு. அத்வைதத்துக்கும் அதற்குமிடையிலான பிளவினை எளிய ஒப்புமைகளால் மூடிவிடுதல் இரு மரபுகளுக்கும் இழைக்கும் அநீதியாகவே அவருக்குத் தோன்றியது. ஒரே வளவில் வாழ்ந்த இருவரிடையேயும் இதனால் மனத்தொலைவு ஏற்பட்டது. நோயுற்ற மொன்ஷனன் 1957 ஒக்டோபரிற் பாரிசில் உயிர்நீத்தார். 1960 இல் இந்தியக் குடியுரிமை பெற்ற அபிஷிக்தானந்தர், இமயச் சாரலில் உத்தரகாசியை நாடிச் சென்று, 1968 இல் சாந்திவனத்தை நிரந்தரமாக நீங்கினார். 1973 டிசெம்பர் 7 ஆம் நாள் இந்தூரில் அவர் காலமானார்.

கைவிடப்படும் நிலையிலிருந்த ஆச்சிரமத்தை 1968 இற் பொறுப்பேற்றவர் ஆங்கிலேயரான பீட் கிறிபித்ஸ் (1906-1993). ஒக்ஸ்போட்டிற் பயின்று பெனடிக்ற் துறவியான இவர், 1955 இல் இந்தியா வந்து, 1958 இற் கேரளத்திற் குரிசுமலை ஆச்சிரமம் உருவாகியபோது அதில் இணைந்து பணியாற்றியவர். காலமும் அவருக்குத் துணைநின்றது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 ஒக்டோபர் 28 இல் வெளியிட்ட ஏடு, ஏனைய சமயங்களில் உண்மையும் புனிதமுமான எதனையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என அறிவித்திருந்தது. 1969 இல் இந்திய வழிபாட்டுக்குரிய சில மாற்றங்களுக்கும் உரோமாபுரி இசைவளித்தது. மொன்ஷனன் தனிமையிற் சுமந்த கேள்வியை, கிறிபித்ஸ் திறந்த வாயிலோடு எதிர்கொள்ள முடிந்தமைக்கு இச்சூழலும் ஒரு காரணமாகும்.

கிறிபித்ஸின் காலத்திலேயே சாந்திவனம் பல்சமயத்தவர் வந்து தங்கித் தியானிக்கும் நிலையமாக மலர்ந்தது. தென்னாட்டுக் கோயிலமைப்பிற் கோபுரமும், ஒளி குன்றிய கருவறையும் கொண்ட சிற்றாலயம்; வட்டத்தினுள் சிலுவையும் அதன் நடுவே ஓங்காரமும் பொறித்த சின்னம்; பத்மாசனத்தில் அமர்ந்த கிறிஸ்துவின் உருவம் என்பன வருவோரின் கண்ணில் முதலிற்படுவன. காலை, நண்பகல், மாலை ஆகிய மூவேளைப் பிரார்த்தனையிலும் விவிலியத்துடன் வேதம், உபநிடதம், கீதை, குர்ஆன், சீக்கியரின் கிரந்த சாகிப் முதலியவற்றினின்றும் பகுதிகள் வாசிக்கப்பட்டன. வடமொழியிலும் தமிழிலும் பஜனை நிகழ்ந்தது. காலையிற் சந்தனமும், நண்பகலிற் குங்குமமும், மாலையில் விபூதியும் அணியப்பட்டன. இவற்றினும் முதன்மையாகக் கருதப்பட்டவை விடியலிலும் அந்தியிலும் ஒவ்வொருவரும் தனித்திருந்து தியானிக்கும் வேளைகளே. 1980 களின் தொடக்கத்தில் ஆச்சிரமம் பெனடிக்ற் மரபைச் சார்ந்த கமல்தோலித் துறவியர் சபையுடன் இணைந்தது. வந்தோருள் மேலைநாட்டு இளைஞர் மிகப் பலர். இந்தியருக்காகத் தொடங்கிய மடம், மேலைநாட்டார் தம் சமயத்தையே மீளக் கண்டடையும் இடமாயிற்று.

இம்முயற்சி எதிர்ப்பின்றி நிகழவில்லை. காவியும் ஓங்காரமும் கோபுரமும் மதமாற்றத்துக்கான மாறுவேடமே என்ற குற்றச்சாட்டு 1980 களில் இந்துத் தரப்பிலிருந்து வலுவாக எழுந்தது. சீதாராம் கோயல் 1988 இல் வெளியிட்ட நூல் இதற்குச் சான்றாகும். கத்தோலிக்கருள் ஒரு சாரார் இதனைத் தம் விசுவாசத்தின் சிதைவாகக் கண்டனர். ஒடுக்கப்பட்ட மக்களின் நிலைநின்று நோக்கிய கிறித்தவச் சிந்தனையாளர், சாதிக் கொடுமையிலிருந்து விடுபட நாடி வந்தோர்மீது உயர்சாதி மரபின் சின்னங்களே மீண்டும் சுமத்தப்படுகின்றன என்றனர். இம்மூன்று கண்டனங்களையும் ஒருங்கே தள்ளிவிட முடியாது. பிறர் புனிதமாகப் போற்றும் சின்னத்தை எடுத்தாள்பவர், அதற்கான உரிமை தமக்கு எவ்வாறு வந்தது என்பதற்கு விடைகூறக் கடமைப்பட்டவர். தொடக்ககால நிறைவுக் கோட்பாடு இக்கடமையை உணரவில்லை. அபிஷிக்தானந்தரோ தம் வாழ்வையே அதற்கு விலையாகக் கொடுத்தார். அவரை மாறுவேடதாரி என்று எவரும் எளிதிற் கூறிவிட முடியாது.

இலங்கையிலும் இதே வினா வேறு வடிவில் எழுந்தது. 1974 இற் களனிக்கு அண்மையில் துலான என்னும் ஆய்வு நிலையத்தை நிறுவிய இயேசுசபைத் துறவி அலோசியஸ் பீரிஸ், ஆசியாவின் சமயங்களோடு உறவாடும் கிறித்தவம் ஆசியாவின் வறுமையோடும் உறவாடவேண்டும் என வலியுறுத்தினார். அங்கே பௌத்தக் கலைஞரே தம் நோக்கிற் கிறிஸ்துவைச் சித்திரித்தனர் என்பது கருதத்தக்கது. சின்னத்தை எடுத்தாளும் உரிமை அங்கு மற்றைய தரப்பாரிடமே ஒப்படைக்கப்பட்டது.

சாந்திவனத்தை மதிப்பிடுங்கால் மற்றுமொன்றும் நோக்கற்பாலது. அதன் பெயரும் மையக் கருத்தும் வடமொழி வேதாந்தத்தினின்று பெறப்பட்டவை. அயலிலுள்ள மூன்று தலங்களையும் பாடிய நாயன்மாரின் சைவமோ, இறைவனுக்கும் உயிருக்குமிடையே அன்பின் உறவைப் பேசுவது. கிறித்தவ உணர்வுக்கு அத்வைதத்தினும் அணுக்கமானது. மாலைப் பிரார்த்தனையில் மாணிக்கவாசகரும் தாயுமானவரும் இடம்பெற்றமை உண்மையே. எனினும், மொன்ஷனனும் அபிஷிக்தானந்தரும் எதிர்கொண்ட பிளவுக்குத் தமிழ்ப் பத்திமரபு தரக்கூடிய விடை அங்கு முழுமையாக ஆராயப்படவில்லை. காலை கடம்பரையும் மாலை ஈங்கோய்நாதரையும் நாடிச் செல்லும் உழவரும், அதே வேளைகளில் ஆச்சிரமத்தில் அமர்ந்திருப்போரும் ஒரே ஆற்றங்கரையில் இறைவனை நினைந்தனர். அவர்களிடையே உரையாடல் எத்துணை நிகழ்ந்தது என்பதே இத்தகைய நிலையங்கள் அனைத்தையும் அளக்கும் கோலாகும். அவ்வளவுகோலின்படி சாந்திவனத்தின் வெற்றி குறைவே. ஆயினும், வாதத்தினால் மட்டுமன்றி மௌனத்தினாலும் பிற சமயத்தை அணுகலாம் என்பதையும், அவ்வாறு அணுகுபவர் தாமும் மாறாதிருக்க இயலாது என்பதையும் அது தன் நிறுவுநரின் வாழ்விலேயே மெய்ப்பித்துக் காட்டியது.