மாஸ்டர் அப்படிப் பாக்கலை

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன் மக்களே. வருஷம் 2005. விஸ்காம் ரெண்டாம் வருஷம். கிளாஸ் ப்ராஜெக்டுக்கு முப்பது செகண்டு விளம்பரம் எடுக்கணும்னாங்க. இல்லாத ஒரு கம்பெனியோட குடைக்கு எடுத்தோம். கேமரா சீனியர்கிட்ட கடன். எடிட்டிங் அடியேன், விண்டோஸ் மூவி மேக்கர்ல!

காலேஜ் வாசல் டீக்கடை மாஸ்டரோட குளோசப் ஒண்ணு இருந்துச்சு. சும்மா ரோட்டைப் பார்த்துக்கிட்டு நிக்கறார், நாலு செகண்டு. ஷாட் பத்தாம, மழையில நனைஞ்சு ஓடி வர்ற வகுப்புத்தோழியோட ஷாட்டுக்குப் பக்கத்துல அதை ஒட்டினேன். அவ்ளோதான், கிளாஸே விசிலடிச்சுது. அந்தப் பொண்ணு மட்டும் சிரிக்கலை. நான் அதைக் கவனிச்சும் கண்டுக்கலை.

பெருமையா மாஸ்டரையும் கூப்பிட்டுக் காட்டினோம். பார்த்து முடிச்சுட்டு மெதுவா கேட்டார்: "நான் அந்தப் பொண்ணைப் பாக்கவே இல்லியே தம்பி. என் பொண்ணுக்கும் அதே வயசுதான்."

என்ன பதில் சொல்றது?

நான் பண்ணின வேலைக்கு ஒரு சரித்திரமே இருக்குன்னு பின்னாடிதான் படிச்சேன். 1919ல மாஸ்கோவுல சினிமா பள்ளிக்கூடம் ஒண்ணு ஆரம்பிச்சாங்க. உள்நாட்டுப் போர் நேரம், பிலிம் சுருளுக்கு ஏகப்பட்ட தட்டுப்பாடு. அங்க பாடம் எடுத்த லெவ் குலெஷோவ் பழைய துண்டுகளை வெட்டி ஒட்டிப் பார்த்தார். மோஸ்ஜூகின்ங்கற நடிகரோட உணர்ச்சியே இல்லாத முகம் ஒண்ணு. அதுக்குப் பக்கத்துல சூப் தட்டை வச்சா பசி, சவப்பெட்டியை வச்சா துக்கம். முகம் என்னவோ அதேதான். அந்தப் படத்துண்டு இன்னிக்கு இல்லை. அவரோட மாணவர் புடோவ்கின் மாதிரி ஆளுங்க சொன்னதை வச்சுத்தான் நமக்குத் தெரியும்.

1964ல ஹிட்ச்காக் ஒரு கனடா டிவி பேட்டியில இதையே செஞ்சு காட்டினார். அவர் பார்க்கறார், சிரிக்கறார். நடுவுல குழந்தையோட இருக்கற அம்மாவை வச்சா, அவர் நல்ல மனுஷன். பிகினி போட்ட பொண்ணை வச்சா, ஜொள்ளுக் கிழவன். அதைப் பார்த்தப்ப எனக்கு மாஸ்டர் முகம்தான் ஞாபகம் வந்துச்சு. ஒரு வித்தியாசம்: ஹிட்ச்காக் தன் முகத்தை வச்சு விளையாடினார். நான் அடுத்தவர் முகத்தை வச்சு விளையாடினேன்.

முதல் டிவி விளம்பரத்துல இந்த வம்பே கிடையாது. 1941 ஜூலை 1, நியூயார்க். அமெரிக்க வரைபடத்து மேல புலோவா கடிகாரம் ஒண்ணு. ஒரே படம், வெட்டே இல்லை. செலவு ஒன்பது டாலர்னு சொல்வாங்க.

என் கதைக்கு வர்றேன். சமர்ப்பிக்க ஒரு ராத்திரிதான் பாக்கி. தோழியோட ஷாட்டைத் தள்ளி வச்சுட்டு, மாஸ்டர் முகத்துக்கு முன்னாடி கருமேகத்தைப் போட்டேன். அதே நாலு செகண்டு. இப்ப அவர், மழை வந்தா யாவாரம் என்னாகும்னு கவலைப்படற மனுஷன்.

இந்தத் தடவை யாரும் விசிலடிக்கலை. மார்க்கும் சுமார்தான். மாஸ்டர் பார்த்துட்டு, "ம்ம்"னு தலையாட்டிட்டு டீ ஆத்தப் போயிட்டார்.

மூவி மேக்கரையும் 2017ல மூட்டை கட்டிட்டாங்க. இப்ப போன்லயே எல்லாரும் வெட்டி ஒட்டறோம். யார் முகத்துக்குப் பக்கத்துல எதை ஒட்டறோம்னு ஒரு நிமிஷம் யோசிக்கலாம் இல்லையா?

தோழிகிட்ட மன்னிப்புக் கேட்க எனக்கு இன்னும் ஒரு வருஷம் ஆச்சு. அது தனிக்கதை.