ஊரே காத்த ரகசியம்

பிரெஞ்சுப் பள்ளியில் நாங்கள் மனப்பாடம் செய்த ஆண்டுகளில் ஒன்று 1685. பதினான்காம் லூயி நாந்த் அரசாணையை ரத்து செய்தார்; புராட்டஸ்டண்டுகள் வழிபாட்டு உரிமை இழந்தார்கள். ஒளிந்து கும்பிட்ட அவர்களின் வாரிசுகள் வாழ்ந்த மலைக்கிராமம் லெ ஷம்போன்.

இரண்டாம் உலகப்போரில் நாஜிகள் யூதர்களை வேட்டையாடியபோது, பாதிரியார் ஆந்திரே த்ரொக்மே சொல்லுக்கு ஊரே கதவைத் திறந்தது. பண்ணை வீடுகளிலும் விடுதிகளிலும் அகதிகள் ஒளிந்தனர். மாணவர்களோடு கைதான பாதிரியாரின் உறவினர் தனியேல் த்ரொக்மே 1944இல் மைதானெக் முகாமில் இறந்தார். அப்போதும் கதவுகள் அடைபடவில்லை.

1990இல் இஸ்ரேலின் யாத் வாஷெம் நிறுவனம் அந்த ஊரையே கௌரவித்தது.

பாட்டன் பட்ட அடியை நினைத்துப் பேரன் பழி வாங்கலாம். இன்னொருவனை அடிபடாமல் காக்கவும் செய்யலாம். லெ ஷம்போன் காத்தது.