சோம்பலா, சோகையா?

தெஹியோவிட்டப் பகுதியின் இறப்பர் மலைகளில் பால் வெட்டுபவரின் நாள் அதிகாலையிலேயே தொடங்கிவிடுகிறது. வெயில் ஏறினால் பாலின் ஓட்டம் குறையும். எனவே மரத்துக்கு மரம் விரைந்து, பட்டையைச் சீவி, பின்னர் வாளியைச் சுமந்து சரிவில் இறங்கவேண்டும். பெரட்டுக்கு வந்தும் கணக்குக் குறைந்தால் ‘அரைப் பேர்’தான். அக்குறைக்குச் சோம்பல் என்று பெயரிடுவது துரைமார் காலத்து வழக்கம். அது உண்மைதானா?

1916இல் அமெரிக்க ராக்பெல்லர் அறநிறுவனம் இலங்கையில் கொக்கிப் புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. ஈர மண்ணில் வாழும் அப்புழுவின் குஞ்சு, வெறுங்காலைத் துளைத்து உட்புகுந்து, குடலில் தங்கிக் குருதியை உறிஞ்சுகிறது. தோட்ட முதலாளிகள் மருந்தை வரவேற்றனர். ஆனால் மலசலகூடங்களுக்குச் செலவிடத் தயங்கினர். விளைவு என்ன? மருந்தால் வெளியேறிய புழு மண்ணின் வழியே மீண்டும் உடலேறியது.

1934-35இல் மலேரியா பரவி நாடெங்கும் ஏறத்தாழ 80,000 பேரைப் பலிகொண்டபோது, மிகக் கொடிய அடி கேகாலை மாவட்டத்துக்கே விழுந்தது. மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாயின, நுளம்பு பெருகியது, பசி ஏற்கெனவே மக்களை நலித்திருந்தது. நிவாரணத்துக்கு வந்த டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க, என். எம். பெரேரா முதலிய இடதுசாரிகள் மருந்தோடு உணவையும் கொண்டுவந்தனர். வெற்றுடம்பில் மருந்து மட்டும் என்ன செய்யும்?

1979இல் வெளியான இரண்டு ஆய்வுகள் இவ்வுண்மைக்கு அளவுகோல் தந்தன. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் சோகையுற்ற பெண்களுக்கு இரும்புச் சத்து அளித்தபோது அவர்கள் பறித்த கொழுந்து கூடியது. சோகை மிகுந்தவரிடமே முன்னேற்றமும் மிகுந்தது. ஜாவாவின் இறப்பர் தோட்டத்தில் அறுபது நாள் இரும்புச் சத்து உண்ட சோகைத் தொழிலாளர், நலமுள்ளவர்க்கு ஏறக்குறைய நிகராகப் பால் சேர்த்தனர். அங்கே சத்தில்லாத போலி மாத்திரை பெற்றவர்களிலும் சிறிது முன்னேற்றம் காணப்பட்டது. ஆய்வில் பங்கேற்றதற்குக் கிடைத்த சிறு தொகையில் அவர்கள் கீரை முதலியன வாங்கி உண்டதே காரணம் என ஆய்வாளர் கருதினர்.

சோம்பலுக்கு மாத்திரை கிடையாது, சோகைக்கு உண்டு. சில காசுகளே குருதியாக மாறுமெனில், நியாயமான கூலி என்னதான் செய்யாது!

பள்ளியில் நாம் உடற்பயிற்சி போதிக்கிறோம், நன்று. ஆயினும் மலையேறி உழைப்பவர்க்குக் குறைவது பயிற்சியன்று. நிறைவான உணவும் காலணியும் தூய நீரும் ஓய்வுமே. குறைந்த கூலி சோகையைத் தருகிறது. சோகை கணக்கைக் குறைக்கிறது. குறைந்த கணக்கு கூலியை மேலும் வெட்டுகிறது. இச்சுழலை உடைக்கும் பொறுப்பை நலிந்த உடலின் தலையில் சுமத்துவது அநீதி.

இன்னொன்றையும் நாம் மறக்கலாகாது. கூடுதல் கொழுந்துக்காகவும் பாலுக்காகவும் மட்டுமா மனிதருக்குக் குருதி வேண்டும்? மாலையில் வீடு திரும்பும் தாய்க்குத் தன் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சவும் வலிமை மிஞ்சவேண்டும். அந்த வலிமை எந்தத் தோட்டக் கணக்கிலும் பதிவதில்லை. ஆயினும் அதுவும் உழைப்பவரின் உரிமையே.