மார்புப் புற்றுநோயும் மாதர் துணையும்

மருத்துவ வரலாறு பெரும்பாலும் கத்தியைக் கையிற் பிடித்தோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அக்கத்தியின் கீழ்க் கிடந்தோர் எவ்வாறு தாங்கினர், அவர்க்கு யார் துணையாயினர் என்பன அந்நூல்களில் இடம்பெறுதல் அரிது. மார்புப் புற்றுநோயைப் பொறுத்தவரை இக்குறை பெரிதாகும். இந்நோயுற்ற மாதரின் துணிவு தனித்துப் பிறந்ததன்று; அருகில் நின்ற ஒருத்தியோ, முன்னே அவ்வழி நடந்து மீண்ட ஒருத்தியோ ஊட்டிய துணிவே அது.

1811ஆம் ஆண்டு செப்டெம்பர் 30ஆந் திகதி, ஆங்கில நாவலாசிரியையான ஃபனி பேர்னி, பாரிஸ் நகரில் தமது இல்லத்திலேயே இச்சத்திரசிகிச்சைக்கு உட்பட்டார். கத்தி பிடித்தவர் நெப்போலியனது படையின் புகழ்பெற்ற இரண வைத்தியரான லாறே. நோயாளிக்குக் கொடுக்கப்பட்டதோ மது கலந்த பானம் ஒன்றே. (ஜப்பானிய வைத்தியர் ஹனவோக்கா செய்சூ 1804ஆம் ஆண்டிலேயே மூலிகைகளால் மயக்கமூட்டி இச்சிகிச்சையைச் செய்திருந்தார். வெளியுலகுக்குக் கதவடைத்திருந்த அந்நாட்டின் செய்தி ஐரோப்பாவுக்கு எட்டிற்றில்லை.) கறுப்புடை தரித்த ஆடவர் எழுவர் அறையுட் புகுந்ததும், பெண்களெல்லாம் வெளியேறுக என்று வைத்தியருள் ஒருவர் பணித்தார். பேர்னி அதற்கு உடன்பட்டாரல்லர். அவர்கள் இருக்கட்டும் என வாதிட்டார். பணிப்பெண்ணும் தாதி ஒருத்தியும் அஞ்சி ஓடினர். எஞ்சிய தாதி மட்டும் அருகில் நின்றாள். அவ்வேளையில் தம் சகோதரியரை எண்ணி ஏங்கியதையும் பேர்னி பின்னர்த் தம் தமக்கைக்கு வரைந்த நீண்ட கடிதத்திற் கூறுகின்றார். அதனை எழுதி முடிக்க அவர்க்கு மாதங்கள் பல வேண்டியிருந்தன. சிகிச்சையின் பின் இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, 1840இல் அவர் மறைந்தார். ஓடாது நின்ற அத்தாதியின் பெயரை வரலாறு போற்றியதில்லை.

1846ஆம் ஆண்டின் பின் ஈதர் மயக்கமருந்து பரவவே வேதனை குறைந்தது. ஆனால் வெட்டு விரிந்தது. அமெரிக்க இரண வைத்தியர் ஹால்ஸ்ரெட் வகுத்த முறை, மார்போடு நெஞ்சுத் தசைகளையும் அக்குளின் நிணநீர்க் கணுக்களையும் நீக்குவது. பல பதிற்றாண்டுகள் அதுவே மறுப்பின்றி ஆண்டது. உயிர் தப்பிய மாதர் பலர் வீங்கிய கையோடும், தோளுக்குமேல் உயர்த்தவியலாத புயத்தோடும் வீடு திரும்பினர். இதனைப் பற்றி அவருடன் பேசுவார் எவருமிலர்.

அம்மௌனத்தைக் கலைத்தவருள் முதன்மையானவர் ரெறீஸ் லாஸர் என்னும் நியூயோர்க் நகரத்து மாது. 1952இல் இச்சிகிச்சை பெற்று மீண்ட அவர், தம்மைப் போன்ற பெண்களின் படுக்கையருகே சென்று அமர்ந்தார். சுவரில் விரல்களை மெல்ல மெல்ல மேலேற்றிக் கையை உயர்த்தும் பயிற்சியைக் கற்பித்தார். பந்தும் கயிறும் கொண்டு செய்யும் பயிற்சியையும் காட்டினார். வைத்தியர் பலர் இதனை அத்துமீறலாகவே கருதினர். ஆயினும் அவர் தொடங்கிய இயக்கத்தை 1969இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமே ஏற்றுக்கொண்டது. மார்பு முழுவதையும் நீக்காது கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்ச்சிகிச்சை அளிப்பினும், தொடக்கநிலை நோயாளர் அத்துணைக் காலமே வாழ்வர் என்பது 1980களில் மிலானிலும் அமெரிக்காவிலும் நடந்த ஆய்வுகளால் தெளிவாயிற்று.

அதே 1952ஆம் ஆண்டிலேதான் சென்னை அடையாற்றிற் புற்றுநோய் வைத்தியசாலைக்கு நேரு அடிக்கல் நாட்டினார். அதன் பின்னின்றவர் புதுக்கோட்டையிற் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி. 1923இல் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அவர், மாதர் சங்கத்தின் துணையோடு நிதி திரட்டி, 1954இல் அவ்வில்லத்தைத் திறப்பித்தார். இந்நோய்க்கு மரணமே முடிவு, வைத்தியசாலை எதற்கு என்னும் எண்ணம் வலுத்திருந்த காலத்தில் முப்பதாண்டுகளுக்கு மேல் அத்துயரை அவர் மறவாதிருந்தமை வியத்தற்குரியது.

இனி ஈழநாட்டின் நிலையை நோக்குவோம். இங்கும் மாதரிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் இதுவே. சீதாவாக்கை கங்கை பாயும் தெரணியகலைப் பகுதியின் இறப்பர், தேயிலைத் தோட்டங்களில் வாழும் தமிழ்ப் பெண்ணொருத்திக்கு இந்நோய் கண்டால், அவள் அவிசாவளைக்கு இறங்கி, அங்கிருந்து மஹரகமை வைத்தியசாலையை நோக்கிச் செல்லும் பயணம் நெடிது. தோட்ட விளைபொருள்களை ஏற்றிச் செல்வதற்கென ஆங்கிலேயர் அமைத்த களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதப் பாதை மஹரகமை வழியாகவே செல்கின்றது. பாலையும் கொழுந்தையும் கருதி இட்ட தண்டவாளம் நோயாளருக்கும் உதவுவதாயிற்று. அரசினர் வைத்தியசாலையிற் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. ஆனால் வாரத்தில் ஐந்து நாளாகப் பல வாரம் தொடரும் கதிர்ச்சிகிச்சைக்கு நாட்சம்பளக்காரி கொடுக்கும் விலை வேறு: பேர் விழாத நாளுக்குக் கூலியில்லை.

சிகிச்சை முடிந்த பின்னும் இடர் உண்டு. நிணநீர்க் கணு நீக்கப்பட்ட பக்கத்துக் கை எளிதில் வீங்கும். அக்கையிற் கீறலும் வெட்டும் படாது காத்தல் வேண்டும். பால்வெட்டுக் கத்தி, தேயிலைச் செடியின் முரட்டுக் கிளை, மழைக்கால அட்டை ஆகியவற்றினிடையே அது எங்ஙனம் இயலும்? பாரந் தூக்காதே என்று வைத்தியர் எளிதிற் சொல்லிவிடலாம். கொழுந்துக் கூடையைத் தராசுவரை சுமப்பவர் யார்? இங்கேதான் நியூயோர்க் மாதின் பணி லயத்துப் பெண்களின் பணியாகின்றது. அடுத்த நிரையிற் கொழுந்தெடுப்பவள் அக்கூடையை வாங்கிக்கொள்வாள். பக்கத்துக் காம்பராக்காரி பிள்ளைகளுக்குச் சோறாக்குவாள்.

1996ஆம் ஆண்டு முதல் முப்பத்தைந்து வயது நிரம்பிய மாதர்க்கென அரசினர் நடத்தும் சுவநாரிச் சிகிச்சை நிலையங்களில் மார்புப் பரிசோதனையும் அடங்கும். வலியில்லாத கட்டிக்காக ஒரு நாட்கூலியை இழக்கத் தயங்குபவள் அங்கே செல்வது அரிது. வெட்கமும் தடுக்கும், நோயின் பெயரை வாய்விட்டுச் சொல்லவும் அஞ்சும் வழக்கம் அதனினும் தடுக்கும். அத்தகையாளிடம் மருத்துவ மாது கூறுவதினும், மஹரகமை சென்று மீண்ட ஒருத்தி, "என் முடியும் கொட்டித்தான் முளைத்தது, வா அக்கா, நானும் பஸ்ஸில் கூட வாறேன்" என்பது விரைந்து பயன் தரும்.