எம்பெடெட் லினக்ஸ் போர்டுகளுக்கான விலை குறைந்த பிழையாய்வுக் கருவிகள்

எம்பெடெட் லினக்ஸ் போர்டு என்பது செயலி, நினைவகம், சேமிப்பகம் மூன்றையும் ஒரே பலகையில் கொண்டு லினக்ஸில் இயங்கும் சிறு கணினி. பல போர்டுகளுக்குத் திரையோ விசைப்பலகையோ இருப்பதில்லை. பூட் ஆகாமல் நின்றுபோனால், வெளியிலிருந்து ஒரு கருவியைப் பொருத்தித்தான் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யூஎஸ்பி-சீரியல் அடாப்டரில் தொடங்கி செயலியை நேரடியாக நிறுத்தி ஆராய உதவும், லட்சங்களில் விலைபோகும் ஜேடேக் கருவிகள் வரை சந்தையில் உண்டு. ஆற்றல் மிக்கதே சிறந்தது என்று எண்ணி ஜேடேக்கில் தொடங்குபவர்கள் இருக்கிறார்கள். பூட் ஆகும் வழியில் போர்டு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதை வைத்துத் தேர்ந்தெடுப்பதே சரியான முறை. அப்படிப் பார்த்தால் முதலில் வாங்க வேண்டியது தரமான சீரியல் அடாப்டர்தான்.

பீகிள்போன் போர்டுகளின் வரலாறு இதற்கு நல்ல சான்று. 2011இல் வந்த முதல் பீகிள்போனில் எஃப்டி2232எச் சிப் போர்டிலேயே இருந்தது; ஒரே யூஎஸ்பி கேபிளில் சீரியலும் ஜேடேக்கும் கிடைத்தன. விலை 89 டாலர். 2013இல் பீகிள்போன் பிளாக் 45 டாலருக்கு வந்தபோது அந்தச் சிப் இல்லை. ஜேடேக் இணைப்பிக்கு வெறும் இடம் மட்டும் விடப்பட்டது. ஆறு பின் கொண்ட சீரியல் இணைப்பி பொருத்தப்பட்டே வந்தது. விலையைப் பாதியாகக் குறைத்த வடிவமைப்பாளர்களும் சீரியலைக் கைவிடவில்லை. லினக்ஸை ஏற்றும் நிரலான பூட்லோடர் எங்குமே இல்லாத பிளாக் போர்டுக்கு மின்சாரம் கொடுத்தால், டெர்மினலில் ‘சி’ என்ற ஆங்கில எழுத்து வரிசையாக வந்துகொண்டே இருக்கும். செயலிக்குள் நிரந்தரமாகப் பதிந்துள்ள ரோம் நிரல், எக்ஸ்மோடம் முறையில் பூட்லோடரை அனுப்பும்படி கேட்பதன் அடையாளம் அது. பூட்லோடரே அழிந்துபோன போர்டையும் ஜேடேக் இல்லாமல் மீட்டுவிடலாம். ஆல்வின்னர், ராக்சிப் செயலிகளின் ரோம் நிரல்கள் இதே உதவியை யூஎஸ்பி வழியாகத் தருகின்றன.

அடாப்டரில் விலையைவிட மின்னழுத்தம் முக்கியம். பீகிள்போன் பிளாக், ராஸ்பெர்ரி பை இரண்டின் சீரியல் பின்களும் 3.3 வோல்ட்டுக்கானவை; 5 வோல்ட் சிக்னல் செயலியையே கெடுத்துவிடலாம். 96போர்ட்ஸ் வகைப் போர்டுகளில் அது 1.8 வோல்ட். அடுத்தது வேகம். பெரும்பாலான போர்டுகள் 115200 பாட் வேகத்தில் பேசும். ராக்சிப் போர்டுகளில் 15,00,000 பாட் வழக்கம். பழைய சிபி2102 சிப்பின் உச்சம் 10 லட்சம்தான் என்பதால் அங்கே அது பயன்படாது. சிஎச்340, எஃப்டி232ஆர் இரண்டும் அந்த வேகத்தைத் தாங்கும். போலிச் சிப்புகளைப் பற்றியும் எச்சரிக்கை வேண்டும்: 2014இல் சிப் தயாரிப்பாளரான எஃப்டிடிஐ வெளியிட்ட விண்டோஸ் டிரைவர், போலிகளின் அடையாள எண்ணைப் பூஜ்யமாக்கி அவற்றைச் செயலிழக்கச் செய்தது. 2023இல் 12 டாலருக்கு வந்த ராஸ்பெர்ரி பை டிபக் புரோபும் நல்ல 3.3 வோல்ட் சீரியல் அடாப்டர்தான். அதன் எஸ்டபிள்யூடி என்னும் பிழையாய்வுப் பகுதி பைக்கோ போன்ற மைக்ரோகன்ட்ரோலர்களுக்கானது. அதை ஜேடேக் என்று நம்பி வாங்கக் கூடாது.

செயலியின் சீரியல் சுற்றான யூஆர்ட் இயங்கத் தொடங்கும் முன்பே செயலி நின்றுவிட்டால் சீரியலில் எதுவும் வராதே என்பது நியாயமான மறுப்பு. ஆனால் அந்த இடைவெளி பலர் நினைப்பதைவிடக் குறுகியது. யூ-பூட் என்னும் பூட்லோடரின் முதல் பகுதி சிப்புக்குள் இருக்கும் சிறிய நினைவகத்திலேயே ஓடுவதால், முதன்மை நினைவகமான டிராம் தயாராகும் முன்பே செய்தி அனுப்ப முடியும். கர்னலுக்கு ‘எர்லிகான்’ அளவுரு அதே வேலையைச் செய்கிறது. எஃப்டி2232எச் பலகையும் இலவச ஓபன்ஓசிடி மென்பொருளும் சேர்ந்தால் ஜேடேக்கே மலிவுதானே என்று கேட்கலாம். கருவி மலிவுதான், உழைப்பு மலிவில்லை. லினக்ஸ் ஓடும்போது மெய்நிகர் முகவரிகள், பல கோர்கள், உறங்கப்போகும் கோர்கள் எல்லாவற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். செயலியை நிறுத்தினால் வாட்ச்டாக் டைமர் போர்டை ரீசெட் செய்துவிடக்கூடும். புதிதாக வடிவமைத்த போர்டில் டிராம் எழவில்லை, ரோம் நிரலும் பேசவில்லை என்றால் ஜேடேக் தேவை. அந்த வேலை இல்லாதவர் வாங்க வேண்டியதில்லை.

சீரியலுக்கு உண்மையான குறை அதன் மெதுவான வேகம். 115200 பாட்டில் நொடிக்கு 11,520 எழுத்துகளே போகும். 80 எழுத்துள்ள ஒரு வரிக்கு ஏறத்தாழ 7 மில்லிநொடி ஆகும். நேரம் சார்ந்த பிழை அந்தத் தாமதத்திலேயே மறைந்துவிடலாம். அங்கே நினைவகத்தில் பதிவெழுதும் கர்னலின் எஃப்டிரேஸும், எஃப்எக்ஸ்2 சிப் கொண்ட எட்டு சேனல் லாஜிக் அனலைசரும் உதவும். சிக்ராக் மென்பொருளுடன் நொடிக்கு 2.4 கோடி மாதிரிகள் வரை எடுக்கும் அந்த அனலைசர் ஐ2சி, மெதுவான எஸ்பிஐ சிக்னல்களுக்குப் போதும். ஈஎம்எம்சி சேமிப்பகத்தின் வேகத்துக்கு ஈடுகொடுக்காது. மல்டிமீட்டர் கட்டாயம் வேண்டும்: ராஸ்பெர்ரி பையில் மின்னழுத்தம் சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் குறைமின்னழுத்த எச்சரிக்கை வரும், மென்பொருள் பிழைபோலத் தோன்றும் பல சிக்கல்களின் வேர் அங்கேதான். எதை வாங்குவதற்கும் முன்னால், உங்கள் போர்டின் சர்க்யூட் வரைபடத்தில் சீரியல் பின்கள் எங்கே உள்ளன, எத்தனை வோல்ட்டில் இயங்குகின்றன என்று பார்த்துவிடுங்கள்.