ஏழாண்டு என்றால் எத்தனை ஆண்டு?

1943-ல் ஹாலிவுட் நடிகை ஒலிவியா டி ஹாவிலண்டுக்கு வயது 27. வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்துடன் போட்ட ஏழாண்டு ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று நம்பினார். ‘இன்னும் ஆறு மாதம் பாக்கி’ என்றது நிறுவனம்.

அந்த ஆறு மாதம் எங்கிருந்து முளைத்தது? அன்றைய ஹாலிவுட்டில் ஸ்டுடியோ கொடுக்கும் வேடத்தை மறுத்தால் சம்பளம் நின்றுபோகும், நடிகர் சஸ்பெண்ட் ஆவார். சும்மா இருந்த அந்த நாட்களையும் கூட்டி ஒப்பந்தத்தின் வாலில் ஒட்டிவிடுவார்கள். மறுக்க மறுக்க விடுதலை தள்ளிப்போகும்.

ஒலிவியா மறுத்ததில் நியாயம் இருந்தது. 1935-ல் வந்த ‘கேப்டன் பிளட்’ தொடங்கி எரோல் ஃபிளின்னுடன் எட்டுப் படங்கள். பெரும்பாலும் நாயகனின் வீரத்தை வியந்து நிற்கும் அழகி வேடம். ‘கான் வித் த விண்ட்’ படத்தின் மெலனி, வெளியாரான தயாரிப்பாளர் செல்ஸ்னிக் கொடுத்த வாய்ப்பு. அதற்கும் ஸ்டுடியோ முதலாளி ஜாக் வார்னர் அனுமதி மறுக்க, அவர் மனைவி ஆன்னிடம் பேசித்தான் ஒலிவியா சம்மதம் வாங்கினார். ஆஸ்கர் பரிந்துரையோடு திரும்பியவருக்குக் காத்திருந்தவை மீண்டும் அதே ரக வேடங்கள்.

எவரையும் ஏழாண்டுக்கு மேல் வேலை ஒப்பந்தத்தில் கட்டிவைக்க கலிஃபோர்னியா சட்டம் இடம் தரவில்லை என்று எடுத்துச் சொன்னவர் வழக்கறிஞர் மார்ட்டின் காங். 1936-ல் இதே நிறுவனத்திடம் நடிகை பெட்டி டேவிஸ் ஒப்பந்த வழக்கில் லண்டன் நீதிமன்றத்தில் தோற்றிருந்தார். அது தெரிந்தும் ஒலிவியா வழக்குத் தொடுத்தார். பின்னாளில் வாங்கிய இரண்டு ஆஸ்கர்களையும்விட இதையே நான் பெரிதாக மதிக்கிறேன். அவருக்கு வேலை தரக் கூடாது என்று வார்னர் மற்ற ஸ்டுடியோக்களுக்கெல்லாம் எழுதினார். புகழின் உச்சத்தில் இருந்த நடிகைக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டு படப்பிடிப்பே இல்லை. ராணுவ மருத்துவமனைகளுக்குப் போய்க் காயம்பட்ட வீரர்களைச் சந்தித்துவந்தார்.

1944-ல் தீர்ப்பு வந்தது: ஏழாண்டு என்றால் நாட்காட்டியில் ஏழாண்டு. மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. 1945 பிப்ரவரியில் மாநில உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்ததும் நிறுவனத்துக்குப் போக்கிடம் இல்லாமல் போயிற்று.

அதன்பின் வேடங்களைத் தேர்ந்தெடுத்தவர் ஒலிவியாதான். ‘டு ஈச் ஹிஸ் ஓன்’ படத்தில் மணமாகாத தாயாக நடித்து முதல் ஆஸ்கர். ‘தி ஸ்னேக் பிட்’டுக்காக மனநல மருத்துவமனைகளுக்கு நேரில் போய்ப் பார்த்தார். 1949-ல் ‘தி ஏரஸ்’. காதலன் ஏமாற்றிய பெண் பெட்டியுடன் மாடிப்படி ஏறும் காட்சிக்கு, இயக்குநர் வில்லியம் வைலர் அந்தப் பெட்டியில் புத்தகங்களை நிரப்பிவைத்தார். அந்தப் பாரம் அவர் நடையில் தெரிந்தது. இரண்டாவது ஆஸ்கர் அந்தப் படத்துக்கு.

தீர்ப்பின் பலன் போருக்குப் போன நடிகர்களையும் எட்டியது. விமானப்படையிலிருந்து திரும்பிய ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டை எம்.ஜி.எம். ஸ்டுடியோவால், போரில் கழிந்த காலத்தைக் கூட்டிப் பழைய ஒப்பந்தத்தைக் காட்டி அழைக்க முடியவில்லை. அவர் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)